பினாங்கை மேசையில் விரித்து: நாளைய போர்ச்சூழலுக்கான வரைபடப் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

நாளைய போர் எப்படி இருக்கும் என்று கேட்டால் நம் இளைஞர்கள் ட்ரோனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ட்ரோன் முக்கியம்தான். ஆனால் ஒரு படைப்பிரிவு உண்மையில் எங்கே திணறும் என்று யோசித்துப் பாருங்கள். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளி ஒரு குடியிருப்புத் தாமானையே தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டது. படகில் வருகிறவன் மீனவனா, ஆயுதம் வைத்திருப்பவனா என்று தெரியவில்லை. கேட்டுக்கொள்ளலாம் என்றால் மேலதிகாரி தொடர்பில் இல்லை. இத்தனையும் ஒரே மணி நேரத்தில் வந்து விழும்போது, படைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஓர் இளம் லெப்டினன்ட் என்ன முடிவெடுப்பார்? சிக்கலான சூழல் என்று இராணுவ நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான்.

இதற்குப் பழகிக்கொள்ள விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம். பெரிய மேசை, வரைபடம், பத்துப் பதினைந்து பேர், ஒரு முழு நாள் போதும். பிரஷ்ய இராணுவம் 1824-லிருந்தே தன் அதிகாரிகளை இப்படித்தான் பழக்கியது. பல்கலைக்கழகத்தில் பாலாப்பெஸ் எனும் சேமப்படை அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் மாணவர்கள், வத்தானியா தொண்டர் படையினர், சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கும் ஆறாம் படிவப் பிள்ளைகள், வரலாற்றில் ஆர்வமுள்ள பெரியவர்கள், எல்லோரும் சேர்ந்து செய்யலாம். நான் பினாங்கை எடுத்துக்கொள்கிறேன். தீவு, பெருநிலம், நீரிணை, விமானத் தளம், தொழிற்பேட்டை, பழைய நகரம் எல்லாம் ஒரே தாளில் அடங்கும் இடம் மலேசியாவில் வேறு இல்லை.

படி 1: ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்

"எதிர்காலப் போரை எப்படி எதிர்கொள்வது?" என்று தொடங்கினால் மாலைவரை பேசிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். கேள்விக்கு இடம், காலம், ஆள்பலம் மூன்றும் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

"கனமழை வெள்ளத்தின் நடுவே பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான போக்குவரத்தும் தொலைத்தொடர்பும் 48 மணி நேரம் அறுந்துபோகின்றன. அடையாளம் தெரியாத ட்ரோன்கள் துறைமுகத்தின் மேல் பறக்கின்றன. தீவில் சுமார் 120 பேர் கொண்ட ஒரு கம்பெனி மட்டும் இருக்கிறது. அது மக்களைக் காத்து, முக்கிய இடங்களைக் காவல் செய்து, தானும் நிலைத்து நிற்பது எப்படி?"

வெள்ளத்தைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியபோது மாநில அரசு நள்ளிரவு தாண்டி இராணுவத்தின் உதவியைக் கேட்டது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைகளில் மக்கள் காத்திருந்ததை நாடே பார்த்தது. இராணுவம் பெரும்பாலும் வேலை செய்யப்போவது தன் மக்களின் நடுவில்தான். எதிரி வருவதும் அந்த நேரம் பார்த்துத்தான்.

எதிரிக்கு எந்த நாட்டின் பெயரையும் வைக்காதீர்கள். பெயர் வைத்தால் பயிற்சி போய் அரசியல் விவாதம் வந்துவிடும்.

படி 2: அடுக்கடுக்காக வரைபடம்

கடையில் கிடைக்கும் சாலை வரைபடம் போதும். அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டு, தாளுக்கு ஒரு நிறத்தில் வரையுங்கள். பொதுவெளியில் உள்ள தகவலை மட்டுமே பயன்படுத்துங்கள். இராணுவ முகாம், மின்நிலையம், நீர்நிலையம் எதையும் படமெடுக்கப் போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்கள் பற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் விளையாட்டல்ல.

முதல் தாளில் நிலமும் நீரும். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம், ஃபெர்ரி, பாயான் லெப்பாஸ் விமான நிலையம். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகமும் விமானத் தளமும். மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் 1971 தற்காப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதித் தற்காப்புத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது தாள் தண்ணீர். இதில் நேரம் செலவழியுங்கள். பினாங்கின் தண்ணீரில் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. பெருநிலத்தில் சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் தீவிலேயே இருந்தாலும் முழுத் தீவின் தேவையையும் அவை மட்டும் நெடுநாள் தாங்கா. ஆக, தீவைக் காக்க வேண்டிய கம்பெனியின் கவலை தீவுக்கு வெளியே, ஆற்றங்கரையில் தொடங்குகிறது. துப்பாக்கியை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. நீர் வாரியம், மாவட்ட அலுவலகம், கெடா மாநிலம் என்று பலரோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியில் பலருக்கும் கண் திறப்பது இந்தத் தாளில்தான்.

மூன்றாவது தாள் மக்கள். எண்ணிக்கையை எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று எழுதுங்கள். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு மாறும் நேரம். அங்கே வேலை செய்யும் நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகள். சுமத்ராவிலிருந்து சிகிச்சைக்கு வந்து தனியார் மருத்துவமனைகளில் இருப்பவர்கள். தைப்பூசத்தன்று லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலைவரை இரதம் போகும் வழி முழுக்க மனிதத் தலைகள்தான். அதே சாலை மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கும். ஒரே சாலைக்கு இரண்டு திட்டம் வேண்டும்.

நான்காவது தாள் தகவல். மக்கள் செய்தியை எங்கிருந்து பெறுகிறார்கள், எந்த மொழியில், யார் சொன்னால் நம்புகிறார்கள்? தமிழர் குடியிருப்பில் கோயில் தலைவரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் சொன்னால் ஒரு கூட்டம் கலையும். ஒலிபெருக்கி வைத்த இராணுவ வண்டி சொன்னால் கலையுமா என்பது சந்தேகம். இந்தப் பெயர்ப் பட்டியலை நெருக்கடி நாளில் தயாரிக்க முடியாது.

படி 3: இதே கடலில் முன்பு நடந்ததைப் படியுங்கள்

இதைத் தாண்டிப் போக நினைக்கிறவர்களை நான் விடுவதில்லை. எதிர்காலத்தைப் பற்றி பினாங்கு ஏற்கெனவே இரண்டு முறை நமக்குச் சொல்லியிருக்கிறது.

1914 அக்டோபர் 28 விடியற்காலை. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிரிட்டிஷ் கப்பலாகத் தெரியும்படி பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஒரு மாதத்துக்கு முன் சென்னை மீது குண்டு போட்ட அதே கப்பல்தான். உள்ளே நின்ற ரஷ்யக் கப்பல் செம்சுக்கின் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். கப்பலில் விழிப்பான காவலும் இல்லை. சில நிமிடங்களில் செம்சுக் மூழ்கியது. வெளியே வரும்போது எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது. மேசையைச் சுற்றி இருப்பவர்களிடம் கேளுங்கள்: இன்று அந்த நான்காவது புகைபோக்கி எதுவாக இருக்கும்? போலி அடையாளக் குறி காட்டும் சரக்குக் கப்பலா? மீன்பிடிப் படகிலிருந்து கிளம்பும் ட்ரோனா? அதிகாரி ஒருவரின் குரலில் பேசும் கணினியா?

1941 இன்னும் கசப்பானது. டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11-ஆம் தேதி ஜோர்ஜ்டவுன் மேல் குண்டு விழுந்தபோது, விமானங்களை வேடிக்கை பார்க்க மக்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் பழகியிராத ஒன்று. சில நாட்களில் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் நிர்வாகம் தீவை விட்டுப் போனது. ஆசிய மக்களிடம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் விட்டுப்போனவற்றில் இரண்டைச் சிவப்பு மையால் குறியுங்கள்: வானொலி நிலையம், துறைமுகத்தில் கிடந்த ஏராளமான படகுகள். வானொலியில் ஜப்பானியர் பிரச்சாரம் செய்தார்கள். படகுகளில் ஏறி மேற்குக் கரையோரமாகத் தெற்கே போய், பிரிட்டிஷ் படைகளின் முதுகுப்புறத்தில் இறங்கினார்கள்.

இடையில் கைவிடப்பட்ட நகரத்தைத் தாங்கியவர்களில் முக்கியமானவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். பல இனத்தவரும் சேர்ந்த ஒரு குழுவுக்குத் தலைமையேற்று, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கச் செய்து, குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லி ஜப்பானியருக்கு வானொலியில் செய்தி அனுப்பினார். படை போன பிறகு ஊரை நடத்துவது யார் என்ற கேள்விக்கு அன்று பதில் சொன்னது சீருடை இல்லாதவர்கள். 2019 டிசம்பர் 2-இல் நாடாளுமன்றத்தில் தாக்கலான நமது முதல் தற்காப்பு வெள்ளை அறிக்கை, முழு மக்களும் பங்கெடுக்கும் தற்காப்பைத் தன் மூன்று தூண்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தத் தூணுக்கு எந்த விளக்கவுரையையும்விட 1941 டிசம்பர் நல்ல பாடம்.

படி 4: எதிரணியிடம் உங்களைவிடக் கெட்டிக்காரர்களைக் கொடுங்கள்

நான்கு அணிகள் போதும். நீல அணி நம் கம்பெனி. சிவப்பு அணி எதிரி. பச்சை அணி மக்கள், போலீஸ், மருத்துவமனை, நீர் வாரியம், பத்திரிகை. வெள்ளை அணி நடுவர்கள்.

சிவப்பு அணியைச் சும்மா பெயருக்கு வைக்காதீர்கள். அமெரிக்கா 2002-இல் நடத்திய 'மில்லெனியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் பயிற்சியில், எதிரணிக்குத் தலைமையேற்ற ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர் வானொலித் தொடர்பைக் கைவிட்டு மோட்டார் சைக்கிள் தூதர்களை அனுப்பினார். சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் ஒரே நேரத்தில் ஏவி, தாளில் 16 கப்பல்களை மூழ்கடித்தார். பயிற்சியை நடத்தியவர்கள் மூழ்கிய கப்பல்களை மறுபடியும் மிதக்கவிட்டு, விதிகளை இறுக்கித் தொடர்ந்தார்கள். உங்கள் மேசையில் அது நடக்கக் கூடாது. சிவப்பு அணி ஜெயித்தால் ஜெயித்ததுதான்.

சிவப்பு அணிக்கு நான் கொடுக்கும் ஒரே கட்டுப்பாடு: பணம் குறைவு. மலிவான பொருளை வைத்து விலையுயர்ந்த பொருளை முடக்க யோசிக்கட்டும். உக்ரேனில் சிறிய ட்ரோன்கள் பல மில்லியன் டாலர் டாங்கிகளை அழித்ததைப் பார்த்தோம். ட்ரோனின் அலைவரிசையை முடக்கினால், அலைவரிசையே தேவைப்படாமல் கண்ணாடி இழை வழியாக இயங்கும் ட்ரோன் வருகிறது. ஒவ்வொரு தடுப்புக்கும் மாற்று வந்துகொண்டே இருக்கும்.

பச்சை அணிக்கு அனுபவசாலிகளைப் போடுங்கள். ஓய்வுபெற்ற தாதி, லாரி ஓட்டுநர், தாமான் சங்கச் செயலாளர் போன்றவர்கள். இளைஞர்கள் கற்பனை செய்யாத கேள்விகள் அவர்களிடமிருந்து வரும். "டயாலிசிஸ் செய்ய வேண்டியவர்கள் எத்தனை பேர், தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள்?" என்று ஒரு தாதி அக்கா கேட்டால் நீல அணியின் திட்டம் அப்படியே நின்றுவிடும். நிற்கட்டும்.

படி 5: நோக்கத்தை எழுதுங்கள், வழியை விட்டுவிடுங்கள்

இதைத்தான் இந்த வழிகாட்டியின் இதயம் என்று நான் நினைக்கிறேன். நாளைய எதிரி முதலில் வெட்டுவது தொடர்பைத்தான். 2022 பிப்ரவரி 24-இல் உக்ரேன் மீது படையெடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால், வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்புக் கருவிகள் இணையத் தாக்குதலில் செயலிழந்தன. அதன் பக்கவிளைவாக ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கட்டுப்பாடும் போனது. போர் நடப்பது ஓரிடம், பாதிப்பு விழுவது வேறு நாடு.

ஆகவே ஒவ்வொரு அசைவுக்கும் மேலே கேட்டு நடக்கும் படை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நீல அணியின் தலைவர் கட்டளையை அரைப் பக்கத்துக்குள் எழுதட்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். எதற்காக இதைச் செய்கிறோம். முடிவில் நிலைமை எப்படி இருக்க வேண்டும். எதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

மோசமான கட்டளை (பிளாட்டூன் என்பது கம்பெனிக்குள் ஒரு சிறு பிரிவு): "2-ஆம் பிளாட்டூன் காலை 6 மணிக்குப் பாலத்தின் மேற்கு வாயிலில் சாலைத் தடுப்பு அமைக்கவும்."

நல்ல கட்டளை: "ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் எந்த நேரமும் பாலத்தைக் கடக்க முடிய வேண்டும். அதற்காக 2-ஆம் பிளாட்டூன் பாலத்தின் அணுகுசாலையைப் பொறுப்பேற்கிறது. பொதுமக்கள் மீது ஆயுதம் காட்டிக் கூட்டத்தை விலக்கக் கூடாது."

தொடர்பு அறுந்தாலும் இரண்டாவது கட்டளையை வைத்துக்கொண்டு ஒரு சார்ஜன்ட் சொந்தமாக முடிவெடுக்க முடியும். பாலம் மூடிவிட்டால் ஃபெர்ரித் துறையைப் பற்றி அவரே யோசிப்பார். பேச்சு தமிழில் இருக்கட்டும், கட்டளையை மலாயில் எழுதுங்கள். படையில் கட்டளைக்கு மொழி அதுதான், பழக்கம் வேண்டும்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி: கட்டளையை பிளாட்டூன் தலைவரிடம் படிக்கக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். நோக்கத்தைச் சொல்லிவிட்டால் போதும். நேரத்தையும் எண்ணையும் மட்டும் ஒப்பித்தால், திரும்ப எழுத வேண்டியது தலைவர்தான்.

படி 6: ஓட்டிப் பாருங்கள், நடுவில் வெட்டுங்கள்

ஒரு சுற்றுக்கு 30 நிமிடம், களத்தில் 6 மணி நேரமாகக் கணக்கு. எட்டுச் சுற்றில் 48 மணி நேரம் முடியும். வெள்ளை அணி சுற்றுக்கு ஒரு சீட்டாகத் திடீர்ச் சம்பவங்களை எடுத்துப் போடட்டும்.

இரண்டாம் சுற்றில் "அணை நீரில் விஷம் கலந்துவிட்டார்கள்" என்று குரல்பதிவு பரவுகிறது. மூன்றாம் சுற்றில் நீல அணித் தலைவரை அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். ஒரு சுற்று முழுக்க அவரிடம் யாரும் பேசக் கூடாது. நான்காம் சுற்றில் துறைமுகத்துக்கு மேல் பறந்த ட்ரோனைச் சுட்டால் குண்டு விழும் இடத்தில் குடியிருப்பு இருக்கிறது. ஐந்தாம் சுற்றில் ஐந்து நாட்டு ஏற்பாட்டின்கீழ் வெளிநாட்டு மீட்புக் குழு உதவிக்கு வருகிறது, ஆனால் அவர்களின் வானொலியும் நம்முடையதும் ஒன்றோடொன்று பேசவில்லை.

இந்தக் கடைசிச் சீட்டைக் கற்பனை என்று தள்ளாதீர்கள். 1993 அக்டோபர் 3 இரவு சோமாலியத் தலைநகர் மொகடிசுவில் சிக்கிய அமெரிக்க வீரர்களை மீட்கப் போனது மலேசியக் கவச வண்டிகளும் பாகிஸ்தான் டாங்கிகளும்தான். மூன்று நாட்டுப் படைகளை ஓர் அணிவகுப்பாகக் கோர்த்துக் கிளப்பவே மணிக்கணக்கானது. நம் வண்டிகளை நம்மவர்கள் ஓட்ட, உள்ளே அமெரிக்கக் காலாட்படையினர் உட்கார்ந்து போனார்கள். அந்த இரவில் நம் வீரர் மாட் அஸ்னான் அவாங் உயிர்நீத்தார். கூட்டாளிகளோடு பழகுவதைச் சண்டை நாளில் தொடங்க முடியாது என்று அதற்குமேல் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகரச் சண்டைச் சீட்டு போட விரும்பினால் மராவியைப் படித்துவிட்டுப் போடுங்கள். காட்டுச் சண்டைக்குப் பழகிய பிலிப்பைன்ஸ் இராணுவம் 2017 மே 23-லிருந்து அக்டோபர் 23 வரை ஒரு நகரத்துக்குள் போராடியது. கவச வண்டிகளுக்கு மேல் மரப்பலகைகளை அடித்துக்கொண்டு போனார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள். ஜோர்ஜ்டவுன் 2008-லிருந்து உலக மரபுரிமை நகரம் என்பதை நினைவில் வைத்து அந்தச் சீட்டை எழுதுங்கள்.

படி 7: சட்டத்தைத் தனி நாற்காலியில் உட்கார வையுங்கள்

ஒருவருக்கு இதை மட்டுமே வேலையாகக் கொடுங்கள். ஒவ்வொரு முடிவிலும் மூன்றைக் கேட்கட்டும்: போராளியையும் பொதுமக்களையும் பிரித்துப் பார்த்தீர்களா? வரும் சேதம் கிடைக்கும் இராணுவப் பயனுக்கு மீறியதா? முன்னெச்சரிக்கை செய்தீர்களா? எம்டன்கூட, போலிப் புகைபோக்கியோடு உள்ளே வந்தாலும், சுடுவதற்கு முன் தன் சொந்தக் கொடியை ஏற்றியது. ஏமாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

2013-இல் சபாவில் லாஹாட் டத்துவின் கம்போங் தண்டுவோவில் ஆயுதக் கும்பல் வந்து அமர்ந்தபோது, மார்ச் 5-இல் தாவுலாட் இராணுவ நடவடிக்கை தொடங்குவதற்கு முன் வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. போலீஸ் வேலை எங்கே முடிந்து இராணுவ வேலை தொடங்குகிறது என்பதை அந்தக் கிராமத்தை வைத்துச் சுற்றில் ஒருமுறை விவாதியுங்கள். சுலபமான விடை கிடைக்காது.

படி 8: முடிந்ததும் எழுந்து போகாதீர்கள்

சாப்பாட்டுக்கு முன்பே மீளாய்வு. பதவியில் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில். என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவோம். யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம், முடிவுகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். சிவப்பு அணி தான் மறைத்து வைத்திருந்த திட்டத்தை இப்போது முழுதாகத் திறந்து காட்டட்டும். பச்சை அணி தங்களிடம் யார் எந்தச் சுற்றில் வந்து பேசினார்கள் என்று படிக்கட்டும். பெரும்பாலும் நான்காம் சுற்றுவரை யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பிளாஸ்டிக் தாள்களை அழிக்காமல் தேதி போட்டுச் சுருட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அணிகளை மாற்றி அதே கேள்வியை மறுபடி ஓட்டுங்கள்: நீல அணியில் இருந்தவர்கள் சிவப்புக்குப் போக வேண்டும், தலைவராக இருந்தவர் பச்சை அணியில் தாமான் சங்கச் செயலாளராக உட்கார வேண்டும். அதற்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கை மேசையில் விரிக்கலாம். அங்கே பாலத்துக்குப் பதில் நெடுஞ்சாலை, மூடா ஆற்றுக்குப் பதில் கிள்ளான் ஆறு. தாள்களைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும், குறிப்பாக மக்கள் தாளை.